வாசல் தாண்டாத பெட்டி

பெட்டி பெரியது. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். லிஃப்ட் அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிட்டது. ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, உச்சிப்பொழுது. ராஸ் அல் கைமாவில் அந்த நேரத்தில் பூனைகூட காரின் அடி நிழலை விட்டு வெளியே வராது.

கனகா கதவைத் திறந்தாள். வந்தவளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அதன் பக்கவாட்டில், கண்ணை மூடித் தூங்கும் ஒரு குழந்தையின் படம் போட்டிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. எட்டு மாத வயிற்றோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது.

"கனகாதானே? நான் ஜெயபாரதி. துபாய்லேருந்து போன்ல பேசினேனே. அப்பாடா, உங்க படிக்கட்டு என்னைக் கொன்னுடுச்சும்மா. கொஞ்சம் நகரு, இதை உள்ள வச்சுடறேன்."

கனகா நகரவில்லை.

"வேணாங்க்கா."

"என்ன வேணாம்?"

"பெட்டி வேணாம். எடுத்துட்டுப் போயிருங்க."

ஜெயபாரதி பெட்டியைத் தரையில் இறக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். முகம் செங்கல் மாதிரி சிவந்திருந்தது. "ஓசியில வருதுன்னு கூச்சப்படறியா? அசடு. எங்க அப்பா சுபேதாரா ரிடையர் ஆனவர். இதைச் செய்யற நாங்க ஏழெட்டுப் பேரும் பட்டாளத்து வீட்டுப் பொண்ணுங்கதான். நமக்குள்ள செஞ்சுக்கறது இது. ஒண்ணுகூட பழசு கிடையாது, எல்லாமே புதுசு. பாரு, பிரிச்சே காட்டறேன்."

அவள் குனிந்து, ஒட்டியிருந்த டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினாள்.

"பிரிக்காதீங்க!"

கனகாவுக்கே தெரியாமல் குரல் கத்தலாக வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்து மூடியது. ஜெயபாரதி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அடிபட்ட முகம். கனகாவின் உதடுகள் அசைந்தன. காரணம் தொண்டை வரை வந்தது. ஆனால் அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொன்னால், சொன்னதே நடந்துவிடுமோ என்ற பயம் அதை விழுங்கவைத்தது.

"மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். படியில் செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கிப்போனது, நடுநடுவே நின்றது, மறுபடி இறங்கியது. கனகா ஜன்னலுக்குப் போனாள். கீழே வெள்ளை வெயிலில் ஜெயபாரதி தனியாகப் பெட்டியைக் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றி முடித்ததும் உடனே புறப்படவில்லை. டிக்கியின் மேல் கையை ஊன்றப்போய், சூடு தாங்காமல் கையை உதறி, சற்று நேரம் சும்மா நின்றாள். பிறகு கார் போயிற்று.

அப்போதுதான் கனகாவுக்கு உறைத்தது. துபாயிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டி, இரண்டு மாடி சுமை தூக்கி, தன்னைத் தேடி வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் தரவில்லை.

*

கனகாவுக்குத் தேனிப் பக்கம் உத்தமபாளையம். சிமென்ட் ஆலைக்கு அருகே தொழிலாளர்களுக்கென்று இருக்கும் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கணவன் வீரபாண்டி ராணுவத்தில் ஹவில்தார். இப்போது அவன் இருப்பது, பெயரைச் சொல்லக்கூடாத ஒரு மலை உச்சிக் காவல் சாவடி. அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. எட்டு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை கீழே இறங்கி வருவான். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் நேராகப் பேச முடியாது. பேசிப் பதிந்து அனுப்பினால் மட்டும் போகும். ஆகவே அவர்களுடைய குடும்பம் கடுதாசிக் காலத்துக்கே திரும்பியிருந்தது. இவள் பேசி அனுப்புவாள். ஒற்றை டிக் விழும். பத்து நாள் கழித்து அது இரண்டாகும். அவனுடைய குரல் வரும், பின்னால் காற்று ஊளையிட.

டிசம்பரில் இருவருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்தது. இருபது நாள். அந்த இருபது நாளின் வரம்தான் வயிற்றில் இருந்தது. ஜூலையில் ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. டிக்கெட் எடுத்த பிறகு ரத்தக்கொதிப்பு ஏறியது. விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனகாவுக்கு அம்மா இல்லை. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். கூட அறையில் இருந்த மலையாளத்து நர்ஸ் ஆகஸ்ட் லீவில் கோட்டயம் போய்விட்டாள். ஆகஸ்ட் மாதத்தில் இந்த ஊரே இப்படித்தான். குடும்பம் இருப்பவர்கள் எல்லாம் விமானம் ஏறிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள், போக முடியாதவர்களும் போக இடம் இல்லாதவர்களும்.

வீரபாண்டியின் யூனிட்டில் ஒரு சுபேதாரின் மனைவி மூலமாகத்தான் ஜெயபாரதியின் நம்பர் வந்தது. பட்டாளத்துக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால், டயப்பர் முதல் கொசுவலை வரைக்கும் கொடுத்து, பெற்றவளுக்குப் பக்கத் துணையாகவும் நிற்கும் பெண்கள் சிலர் துபாயில் இருக்கிறார்கள் என்றார்கள். போனில் கேட்டபோது கனகா மகிழ்ச்சியோடு சரி என்றாள். பிள்ளை பிறந்த பிறகு கொண்டுவருவார்கள் என்று அவள் நினைத்தாள். அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்குச் சாமான் பிள்ளைக்கு முன்னால் வருமா? ஜெயபாரதியோ அப்பாவோடு அம்பாலா, ஜலந்தர் என்று ராணுவக் கன்டோன்மென்ட்டுகளில் வளர்ந்தவள். அவள் பார்த்த வீடுகளில் எட்டாம் மாதமே தொட்டிலுக்கு ரிப்பன் கட்டிவிடுவார்கள். அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கனகாவுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. செகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸ். ஏழாம் மாதம் லீவில் வந்த வீரபாண்டி, பட்டாளக் கேன்டீன் கடையில் ஒன்று விடாமல் வாங்கிக் குவித்தான். தொட்டில், மெத்தை, ரோஜா நிறக் கவுன், கிலுகிலுப்பை. "எம்புள்ளைக்கு நான் வாங்காம எவன் வாங்குவான்?" என்று தொட்டிலைத் தானே பூட்டி, காலியாகவே ஆட்டிப் பார்த்தான். ஒன்பதாம் மாதம் குழந்தை பிறந்தது. அழவில்லை. மூச்சும் விடவில்லை. கனகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, அந்தத் தொட்டிலை அவன் கழற்றி முடித்திருக்கவில்லை. ஒரு திருகாணி கழலாமல் அடம் பிடித்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ராத்திரி வரை அந்தத் திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

மாமியார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், கோபமாக இல்லை, அழுதுகொண்டேதான். "வர்றதுக்கு மின்னாடியே விரிச்சு வச்சா, வர்றது எப்புடித்தா வரும்?"

கனகா நர்ஸ். கொடி சுற்றியதால் நேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ தாய்மாருக்கு அவளே அதை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஆனால் படித்தது தலையில் இருந்தது. பயம் வயிற்றில் இருந்தது. இந்த முறை அவள் ஒரு சாக்ஸ்கூட வாங்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் குழந்தைச் சாமான்கள் இருக்கும் வரிசை வந்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போனாள்.

இப்போது அந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வாசலுக்கு வந்தவளைத் தாகத்தோடு திருப்பி அனுப்பிய பாவம். அது யார் தலையில் இறங்கும்?

கிளினிக்கில் தண்ணீர் மெஷினுக்கு முன்னால் நின்று வெயிலில் வந்த தொழிலாளிகள் கடகடவென்று குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சிவந்த முகம் ஞாபகம் வந்தது. போனை எடுப்பாள். 'ஜெயபாரதி அக்கா' என்ற பெயர் வரை போவாள். வைத்துவிடுவாள். அந்தப் பக்கத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. வராது என்றுதான் அவளும் நினைத்தாள். வந்த ஒரே ஒரு கையையும் தட்டிவிட்டாயிற்று. இனி வலி எடுத்தால் கூப்பிட ஆள் இல்லை.

மாலையில் டியூட்டி முடிந்து வந்தால், அந்த வீட்டில் ஏசியின் உறுமலைத் தவிர வேறு குரல் கிடையாது. அலமாரித் தட்டில் சின்ன முருகன் படம். விளக்கை ஏற்றிவிட்டு, "முருகா, நான் வேணும்னு செய்யல" என்பாள். மசூதியிலிருந்து மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு கேட்கும். அது முடியும் வரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். யாரோ யாரையோ கூப்பிடும் குரல் என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

நடந்ததை எல்லாம் வீரபாண்டிக்குப் பேசி அனுப்பினாள். ஒற்றை டிக். ஒன்பது நாள் அது ஒற்றையாகவே கிடந்தது. பத்தாம் நாள் பதில் வந்தது.

"கனகு... புள்ள, நீ செஞ்சது தப்பில்ல. எனக்கும் அந்தத் தொட்டில் ஞாபகம்தான். பெட்டிய வாங்காட்டி கெடக்குது விடு. ஆனா..." காற்று அவன் குரலை மூடியது. பிறகு தெளிந்தது. "அந்தம்மாவுக்குத் தண்ணியாச்சும் குடுத்தியா? நாங்க இங்க பனிய அள்ளி அடுப்புல உருக்கித்தான் குடிக்கிறோம். ஒரு டம்ளர் ஆகுறதுக்குள்ள உசுரு போயி உசுரு வருது. அதான் கேக்குறேன்."

கனகா அதை மூன்று முறை கேட்டாள். அப்புறம் அழுது ஓயும் வரை அழுதுவிட்டு, ஜெயபாரதியின் பெயரைத் தொட்டு, பேசிப் பதிய ஆரம்பித்தாள். செகந்திராபாத், ரோஜா நிறக் கவுன், கழலாத திருகாணி, மாமியார் சொன்னது, எல்லாம். கடைசியில், "உங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்பிட்டேங்க்கா. அதுதான் என்னயத் தூங்க விடல" என்றாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. போன் அடித்தது.

"ஏண்டி பொண்ணே," என்று ஜெயபாரதியின் குரல் கரகரத்தது, "இதை அன்னிக்கே சொல்லக்கூடாதா? நான் ஏதோ உன் தன்மானத்தை மிதிச்சுட்டேன்னு நினைச்சு, வர்ற வழியில பெட்ரோல் பங்குல காரை நிறுத்தி அழுதேன். பங்குக்காரப் பையன் டயர் பஞ்சரான்னு கேக்கறான்."

கனகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"தப்பு என்னோடதும்மா. பொறக்கறதுக்கு முன்னாடி வேணுமா, பின்னாடி வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பத்தொம்பது வீட்டுக்கு கொடுத்தாச்சு, ஒருத்தரையும் கேட்டதில்லை. யாரு யாரு மனசுக்குள்ள பயந்துண்டே வாங்கி வச்சாங்களோ."

"பெட்டியை வேற யாருக்காச்சும் குடுத்துட்டீங்களாக்கா?"

"அது உன் பேருக்குக் கட்டினது, வேற யாருக்குப் போகும்? டிக்கியிலயே இருக்கு. அன்னிக்கு இறக்க மனசு வரல, அப்படியே விட்டுட்டேன். இப்பல்லாம் காய்கறிப் பையை எங்காத்துக்காரர் மடியில வச்சுண்டு வரார். 'இந்த வயசுல எனக்கு எதுக்குடி டயப்பர்?'னு கேலி வேற. வெயில்ல கிரீமெல்லாம் உருகி நெய்யா ஓடிடுச்சு. அதெல்லாம் புதுசா வாங்கிக்கலாம். ஆனா பெட்டி டிக்கியை விட்டு இறங்காது. எங்க வீட்டுக்குள்ளயும் ஏறாது. குழந்தை வந்து கூப்பிடட்டும், அப்ப வருது. சரியா?"

"சரிக்கா."

"வேற என்ன வேணும் உனக்கு? கூச்சப்படாம சொல்லு."

கனகா தயங்கினாள். "எங்க பக்கம் பச்சப் புள்ளைக்கு மொதல்ல புதுத்துணி போட மாட்டாங்க. பழைய துணிதான். நல்லா வளந்த புள்ள போட்டுக் கழிச்சது இருந்தா ரொம்ப விசேசம். அது ஒண்ணு... எங்கயாச்சும் கெடைக்குமா?"

ஜெயபாரதியின் குழுவில் கல்லில் எழுதாத குறையாக ஒரு விதி இருந்தது: பழைய துணி எதுவும் வாங்கக்கூடாது, கொடுக்கக்கூடாது. இலவசமாக வாங்குபவர்களின் மனம் குன்றக்கூடாது என்று அவளே போட்ட விதி.

"என் பசங்களோடதெல்லாம் ஆறு வீடு மாறினதுல எங்கேயோ போச்சும்மா. தெரிஞ்சவங்க எல்லாரும் லீவுக்கு ஊருக்குப் போயிருக்காங்க... பாக்கறேன். நீ கவலைப்படாதே."

அதற்குப் பிறகு தினமும் மாலை நாலு மணிக்கு ஜெயபாரதி கூப்பிட்டாள். பெரும்பாலும் பெரிய விஷயம் எதுவும் இருக்காது. கால் வீங்கியிருக்கிறதா? பிரஷர் எவ்வளவு? இன்று என்ன குழம்பு? மகன் ரோஹித் கனடாவிலிருந்து வாரம் ஒருமுறை பேசுகிறான். மகள் சம்யுக்தா பேசவும் நேரமில்லாமல் வேலை பார்க்கிறாள். "நாலு மணின்னா எனக்கு ஒரு வேலை கிடைச்சுதே" என்று ஒருநாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அடியில் இருந்த காலி வீட்டைக் கனகா அடையாளம் கண்டுகொண்டாள். துணை கொடுக்க வந்தவளுக்கும் துணை வேண்டியிருந்தது. பழைய துணி பற்றி மட்டும் இருவரும் அப்புறம் பேசவில்லை. கிடைக்கவில்லை போலிருக்கிறது, கேட்டு அவளைச் சங்கடப்படுத்துவானேன் என்று கனகா இருந்துவிட்டாள்.

*

செப்டம்பர் முதல் வாரம். மகப்பேறு லீவை ஒரு நாள்கூட முன்னதாக வீணாக்கக்கூடாது என்று கனகா டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை பத்து மணி. ஒரு தொழிலாளியின் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. கட்டின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியைப் பிடித்தாள்.

கிளினிக் வேனை ஓட்டுகிற ஹஸ்னைன் ஓடிவந்தான். பாகிஸ்தான்காரன், ஸ்வாத் பக்கம். தினமும் காலையில் அவளை ஏற்றும்போது, "சிஸ்டர், பாய் சாப் கா ஃபோன் ஆயா?" என்று அவள் கணவனின் போன் வந்ததா எனக் கேட்பான். இல்லை என்று அவள் தலையசைத்தால், "ஆ ஜாயேகா", வந்துவிடும், என்பான். அவனுடைய தம்பியும் பட்டாளம். அவனும் ஏதோ ஒரு மலையில்தான் நிற்கிறான். எந்த மலை என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.

அன்றைக்கு ஹஸ்னைன், கல்குவாரி லாரிகள் புழுதி கிளப்பும் அந்தச் சாலையில், ஒவ்வொரு வேகத்தடையையும் முட்டைக் கூடையைத் தலையில் வைத்திருப்பவன்போல ஏறி இறங்கினான். பின்னால் ஹாரன் அடித்த லாரிக்காரனைக் கையை நீட்டித் திட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போய், உள்ளே விட மாட்டோம் என்ற கதவு வரைக்கும் வந்து நின்றான். "மேரி மா துவா கரேகி", என் அம்மா பிரார்த்தனை செய்வாள், என்றான். கதவு மூடிக்கொண்டது.

வேனில் வரும்போதே கனகா ஜெயபாரதிக்குச் சொல்லியிருந்தாள். கணவனுக்கும் பேசி அனுப்பியிருந்தாள். ஒற்றை டிக்.

உள்ளே எல்லாமே அவளுக்குத் தெரிந்தவைதான். அந்த வாசனை, அந்த விளக்கு, அந்த மெஷின்களின் பீப் ஒலி. ஆனால் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று பழகியவளுக்கு, கட்டிலில் படுத்துப் பார்க்கும்போது எல்லாம் உயரமாக இருந்தது. வலி வந்தபோது பிடித்துக்கொள்ள ஒரு கை தேடினாள். இரும்புக் கம்பிதான் அகப்பட்டது. அது ஜில்லென்று இருந்தது. அடுத்த திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தியின் கணவன் அரபியில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். மொழி புரியவில்லை. புரியாததும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் குரலை வீரபாண்டியின் குரலாகவே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மதியம் இரண்டே முக்காலுக்குக் குழந்தை பிறந்தது. பெண்.

ஒரு நொடி சத்தம் இல்லை.

அந்த ஒரு நொடிக்குள் கனகா செகந்திராபாத்துக்குப் போய்த் திரும்பினாள். பிறகு ஒரு அழுகை கேட்டது. முதலில் பூனைக்குட்டி மாதிரி, அப்புறம் கோபமாக, அப்புறம் அறையே நிறையும்படி. கனகா அந்த அழுகையைக் கேட்டு, "அழு, அழு, நல்லா அழு" என்றாள். உலகத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்வது அந்த ஒரு நேரம்தான்.

ஃபிலிப்பினோ நர்ஸ் குழந்தையைத் துடைத்து, ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி, வெதுவெதுப்பூட்டும் விளக்கின் அடியில் கிடத்தினாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்து, "மம்மி, பேபியோட பேக் எங்கே? டிரஸ் வேணுமே" என்றாள்.

எத்தனை தாய்மாரிடம் கனகாவே கேட்டிருக்கிறாள் அந்தக் கேள்வியை! எல்லாரும் ஒரு பூப்போட்ட பையை நீட்டுவார்கள். அவளிடம் இருந்தது கிளினிக்கிலிருந்து வந்த கைப்பையும், அதற்குள் ஒரு வீட்டுச் சாவியும் போனும்.

"இல்ல" என்றாள். "ஒண்ணும் இல்ல."

நர்ஸ் அட்டையை எடுத்தாள். குறித்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் வராத குழந்தைபோல அது விளக்கடியில் தனியாகக் கிடந்தது, ஆஸ்பத்திரியின் முத்திரை குத்திய துணியில். கனகா தலையைத் திருப்பி அதையே பார்த்தாள். பெட்டிதான் வேண்டாம் என்று சொன்னோம். இப்படி வெறுங்கையோடு பிள்ளையை வரவேற்பதும் ஒரு தண்டனையா, முருகா?

கதவுக்கு வெளியே ஒரு சண்டை கேட்டது.

"நான் யாரா? மூணு மணி நேரமா வெளியில நிக்கற பெரியம்மான்னு எழுதிக்கோம்மா. பேப்பர்ல அப்படி ஒரு கட்டம் இல்லைன்னா கிராண்ட்மதர்னு எழுதிக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்லை!"

ஜெயபாரதி உள்ளே வந்தாள். தலை கலைந்திருந்தது. கைப்பையைத் தவிர கையில் ஒன்றும் இல்லை. பெட்டியைக் கொண்டுவரவில்லை. நேரே வந்து கனகாவின் நெற்றியில் கையை வைத்தாள். அந்தக் கை சூடாக இருந்தது. அப்போதுதான் கனகாவுக்கு அழுகை உடைந்தது.

"அக்கா, போடத் துணி இல்லக்கா."

"தெரியும். இரு."

கைப்பையைத் திறந்து ஒரு சின்ன ஜப்லாவை எடுத்தாள். பக்கவாட்டில் நாடா வைத்து முடிச்சுப் போடும் மெல்லிய பருத்தி ஜப்லா. ஒருகாலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும். இப்போது வெளுத்து, சுண்ணாம்புக்கும் சந்தனத்துக்கும் நடுவில் ஒரு நிறம். நாடாவின் நுனி பிசிறியிருந்தது. கனகா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பழந்துணிக்கே உரிய மிருது. வெயில் வாசனை.

"கெடைச்சிருச்சா! யார் வீட்டுப் புள்ளையோடதுக்கா?"

ஜெயபாரதி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பொய் சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"யாரோடதும் இல்லம்மா. பெட்டியில இருந்ததுதான். கேட்டுப் பாத்தேன், எங்கயும் கிடைக்கல. பெட்டியை இறக்காம, இந்த மாதிரி நாலு மட்டும் உருவினேன். தினம் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துவைச்சேன். சோப்பு வாசனை போகணும்னு சாயங்காலம் வெறும் தண்ணிதான். பால்கனி வெயில்ல காயப்போடறது. முப்பத்தெட்டுத் தடவை ஆச்சு. எதிர் ஃபிளாட் அம்மா, 'பேரக்குழந்தை வந்திருக்கா? பாக்கவே இல்லையே'ன்னு கேட்டா. வரப்போறதுன்னேன்." குரல் தாழ்ந்தது. "வளந்த குழந்தை போட்டதுன்னு சொல்ல முடியாது. ஆனா புதுசுன்னும் சொல்ல முடியாது. உனக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கனகா அந்தப் பிசிறிய நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழந்துணி எதற்காக? இன்னொரு பிள்ளையைப் பொத்தி வளர்த்த கைகளின் பாடு அதில் இருக்கிறது என்பதற்காக. முப்பத்தெட்டு முறை நனைத்துப் பிழிந்து உதறிய கையின் பாடு அதில் குறைவா? ஆகஸ்ட் மாதத்து வெயிலில், பிள்ளைகள் பறந்துபோன ஒரு வீட்டின் கொடியில், பிறக்காத பிள்ளைக்காகத் தினமும் ஆடியிருக்கிறதே அந்தச் சட்டை.

"நீங்களே போட்டு விடுங்கக்கா" என்றாள்.

போட்டுவிட்டதும், குழந்தையின் அழுகையைப் போனில் பதிந்து வீரபாண்டிக்கு அனுப்பினாள். பதினெட்டு நொடி. ஒற்றை டிக் விழுந்தது. அது இரண்டாக எத்தனை நாள் ஆகுமோ. அங்கே பனி உருகிக்கொண்டிருக்கும்.

*

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். ஹஸ்னைன்தான் வேனில் கொண்டுவந்து விட்டான். ஜெயபாரதியின் கார் பின்னால் வந்தது. லிஃப்ட் சரியாகியிருந்தது. கனகா குழந்தையோடு வீட்டுக்குள் போய், விளக்கேற்றிவிட்டுத் திரும்பினாள்.

வாசலுக்கு வெளியே ஜெயபாரதி பெட்டியோடு நின்றாள், அன்றைக்கு நின்ற அதே இடத்தில். ஒரு மாதம் டிக்கிச் சூட்டில் வெந்ததில் பெட்டியின் மேலிருந்த குழந்தைப் படம் நிறம் மங்கியிருந்தது.

"பத்து நாள் இருந்துட்டுத்தான் போவேன், சொல்லிட்டேன். அவருக்கு ரசம் வைக்கத் தெரியும், சாக மாட்டார். எங்க வைக்கட்டும் இதை?"

"அப்புடியே நில்லுங்கக்கா" என்றாள் கனகா.

ஜெயபாரதியின் முகம் ஒரு கணம் வாடியது. பெட்டியை மெல்லத் தரையில் இறக்கினாள்.

கனகா குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம். திரும்பி வந்தபோது மறு கையில் ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பு, விளிம்பு வரை தண்ணீர். நடந்து வந்ததில் தளும்பி அவள் புடவையை நனைத்திருந்தது.

"மொதல்ல இதக் குடிங்க" என்றாள். "அப்புறம் பெட்டி உள்ள வரட்டும்."

ஜெயபாரதி வாசலிலேயே நின்று, சொம்பை இரு கையாலும் வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.